கொல்கத்தா குளிரில் வளர்ப்புப் பாம்பு: கூண்டுக்கு வெப்பமும் வெளிச்சமும் பாதுகாப்பாக அளிப்பது எப்படி? - ஒரு விளக்கம்

கொல்கத்தா: குளிர்காலம் தொடங்கியதும் கொல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்காவில் பாம்புகளின் கூண்டுகளுக்குள் போர்வைகளும் மின்விளக்குகளும் வெப்பமூட்டிகளும் வைக்கப்படுவது ஆண்டுதோறும் வெளியாகும் செய்தி. 1876-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்பூங்காவில் பயிற்சி பெற்ற பணியாளர்களும் கால்நடை மருத்துவர்களும் அந்தப் பணியைக் கவனிக்கின்றனர். ஆனால், அதே நகரின் அடுக்குமாடி வீடுகளில் வெளிநாட்டுப் பாம்புகளை வளர்ப்பவர்கள் பலர், ஒரு மின்விளக்கைத் தொங்கவிட்டால் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். அந்த எண்ணம் பாம்புக்குத் தீக்காயத்தையும் வீட்டுக்குத் தீவிபத்தையும் கொண்டுவரக்கூடும்.

வளர்ப்புப் பாம்புக்கு எவ்வளவு வெப்பம் தேவை, எந்தக் கருவி ஏற்றது, வெளிச்சத்தை எப்படி அமைப்பது, சட்டம் என்ன சொல்கிறது என்பன குறித்து இங்கு விரிவாகக் காண்போம்.

எந்தப் பாம்பை வளர்க்கலாம்?

கருவிகளைப் பற்றிப் பேசும் முன் சட்டத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட பாம்புகளை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்திய மலைப்பாம்பு, நாகப்பாம்பு, கண்ணாடி விரியன், சாரைப்பாம்பு ஆகியவை இடம்பெற்றுள்ளன. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். வீட்டுக்குள் சாரையோ நாகமோ புகுந்தால், அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் வனத்துறைக்குத் தகவல் அளிப்பதே முறை.

வெளிநாட்டு இனங்களுக்கு வேறு விதி உண்டு. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இனங்கள், திருத்தப்பட்ட சட்டத்தின் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. உலகெங்கும் அதிகம் வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பு, அதாவது 'பால் பைத்தான்', இந்தப் பட்டியலில் உள்ளது. இத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரி 28 அன்று மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. ஏற்கெனவே வைத்திருந்தோருக்கு 6 மாத அவகாசம் தரப்பட்டது. அதன்பின் பெறுவோர், பெற்ற 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்பு, அதாவது 'கார்ன் ஸ்னேக்', சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஆயினும், அது சட்டபூர்வமான வழியில் நாட்டுக்குள் வந்தது என்பதற்கான ஆவணம் வாங்குபவரிடம் இருக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த பயணிகளின் பெட்டிகளில் பந்து மலைப்பாம்புகள் கட்டுக்கட்டாகப் பிடிபட்டது நினைவிருக்கலாம். அவ்வாறு கடத்தப்படும் பாம்புகளில் பல, நீரும் காற்றும் இன்றி நலிந்த நிலையிலேயே வாங்குபவரின் கைக்கு வருகின்றன.

பாம்புக்கு வெப்பம் ஏன் வெளியிலிருந்து வர வேண்டும்?

மனிதர், நாய், பறவை போன்ற உயிர்கள் உண்ணும் உணவை எரித்து உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. பாம்பின் உடல் அப்படிச் செயல்படுவதில்லை. அது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைப் பெறுகிறது. வெயில்பட்ட பாறையில் படுத்துச் சூடேற்றிக்கொள்ளும். சூடு மிகுந்தால் வளைக்குள் நுழைந்து தணித்துக்கொள்ளும். இப்படி இடம் மாறி இடம் மாறித்தான் அது தன் உடல் வெப்பநிலையை ஒழுங்குபடுத்துகிறது.

செரிமானம், நோய் எதிர்ப்பு, தோல் உரித்தல், இனப்பெருக்கம் ஆகிய அனைத்தும் இந்த வெப்பத்தைச் சார்ந்தவை. குளிர்ந்த கூண்டில் இரை உண்ட பாம்பின் வயிற்றில் செரிமானம் மந்தமாகி, இரை அழுகத் தொடங்கும். சில நாட்களில் அதைக் கக்கிவிடும். நீண்ட நாள் குளிரிலும் ஈரத்திலும் இருந்தால் நுரையீரல் தொற்று ஏற்படும். குளிர் நேரடியாகக் கொல்வதைவிட, குளிரால் தளர்ந்த உடலை நோய் கொல்வதே மிகுதி.

எனவே கூண்டு முழுவதும் ஒரே அளவில் சூடாக இருப்பது தீர்வன்று. ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பாம்பு தனக்குத் தேவையான இடத்தைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். 'வெப்பச் சரிவு' எனப்படும் இந்த ஏற்பாடே பாம்புக் கூண்டு அமைப்பின் அடிப்படை. இரு முனைகளிலும் பாம்பு மறைந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் இருக்க வேண்டும். ஒரே ஒரு மறைவிடம் மட்டும் இருந்தால், பாம்பு பாதுகாப்பைத் தேடி வெப்பத்தைக் கைவிடும் அல்லது வெப்பத்தைத் தேடிப் பாதுகாப்பைக் கைவிடும். இரண்டும் அதற்குத் துன்பமே.

எத்தனை டிகிரி?

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்புக்கு வெப்ப முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர் முனையில் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் பொருத்தமானது. இரவில் 23 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. காற்றின் ஈரப்பதம் 55 முதல் 70 விழுக்காடு வரை இருக்கலாம்.

சோளப் பாம்பு சற்றுக் குளிரைத் தாங்கும். அதற்கு வெப்ப முனையில் 29 முதல் 31 டிகிரியும், குளிர் முனையில் 22 முதல் 25 டிகிரியும் போதும். ஈரப்பதமும் சற்றுக் குறைவாக, 40 முதல் 60 விழுக்காடு வரை இருக்கலாம்.

இந்த எண்களைக் கொல்கத்தாவின் வானிலையோடு ஒப்பிட்டால் சிக்கல் புரியும். ஜனவரி மாதத்தில் நகரின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 14 டிகிரியை ஒட்டியும், பகல் வெப்பநிலை 26 டிகிரியை ஒட்டியும் இருக்கிறது. அதாவது, குளிர்கால இரவில் எந்த வெப்பமூட்டியும் இல்லாத கூண்டு, ஆப்பிரிக்கப் பாம்பு தாங்கும் அளவைவிடக் கீழே சென்றுவிடும். மாறாக, 2024 ஏப்ரல் 30 அன்று அலிப்பூரில் 43 டிகிரி பதிவானது. அன்று வெப்பமூட்டியை அணைக்க மறந்திருந்தால் கூண்டே அடுப்பாகியிருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சூடாக்குவதும், ஏப்ரல் முதல் ஜூன் வரை குளிர்விப்பதும் இந்நகரில் பாம்பு வளர்ப்பவரின் இரு வேறு பணிகள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ முதல் பணி சிறியது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அதுவே பெரியது.

வெப்பக் கருவிகள்: எது எதற்கு?

வெப்பப் பாய்: கூண்டின் அடியிலோ பக்கச் சுவரிலோ வெளிப்புறமாக ஒட்டப்படும் மெல்லிய தகடு இது. தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடக்கூடாது. பாம்பின் அடிவயிற்றுக்கு வெப்பம் தரும். ஆனால் காற்றை அதிகம் சூடாக்காது. எனவே கொல்கத்தாவின் ஜனவரி இரவுக்கு இது மட்டும் போதாமல் போகலாம். மேலே தடிமனாக மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ நிரப்பினால் வெப்பம் வெளியேற வழியின்றி அடியில் தேங்கும். பாம்பு அதைத் தோண்டிக்கொண்டு கண்ணாடியைத் தொட்டால் புண்ணாகும்.

செராமிக் வெப்ப உமிழி: வெளிச்சம் தராமல் வெப்பம் மட்டும் தரும் பீங்கான் குமிழ். கூண்டின் காற்றைச் சூடாக்கும் என்பதால் குளிர்கால இரவுக்கு ஏற்றது. ஆனால் இதன் மேற்பரப்பு தொட்டாலே சுடும் அளவுக்குக் கொதிக்கும்; எரிகிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் தாங்கியில் பொருத்தக்கூடாது. பீங்கான் தாங்கியே வேண்டும். காற்றை உலர்த்திவிடும் என்பதால் ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும்.

ஹாலஜன் விளக்கு: பகலில் வெயிலைப் போல மேலிருந்து வெளிச்சத்தையும் வெப்பத்தையும் ஒன்றாகத் தரும். இதன் அகச்சிவப்புக் கதிர்கள் தசைக்குள் சற்று ஆழமாக ஊடுருவுகின்றன. பகலில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டில் உள்ள எல்இடி விளக்கு வெளிச்சம் தரும். ஆனால் பாம்பைச் சூடாக்கும் அளவுக்கு வெப்பம் தராது. பழைய குண்டு பல்புக்குப் பதிலாக எல்இடியை மாற்றிவிட்டு, கூண்டு ஏன் குளிர்கிறது என்று வியப்போரும் உண்டு.

வெப்பப் பாறை: உள்ளே மின்கம்பிச் சுருள் வைத்த செயற்கைக் கல் இது. கடைகளில் கிடைத்தாலும் தவிர்க்க வேண்டியது. சில இடங்களில் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறும் இக்கல்லே பாம்புகளின் வயிற்றுத் தீக்காயங்களுக்கு நீண்டகாலமாகக் காரணமாகி வருகிறது.

சுட்டாலும் பாம்பு ஏன் விலகுவதில்லை?

சுட்டால் பாம்பு தானாகவே விலகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. நடைமுறை அவ்வாறில்லை. கூண்டின் மற்ற பகுதி குளிராக இருந்து, ஒரே ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால், பாம்பு அதன் மேல் சுருண்டு படுத்துவிடும். முதுகுப் பக்கம் இன்னும் குளிர்ந்திருப்பதால், அது அங்கேயே நீடிக்கும். அதற்குள் அடிவயிற்றுச் செதில்கள் வெந்துவிடும். மேலே தொங்கும் விளக்கைச் சுற்றிக்கொண்டு படுத்துப் புண்ணாகும் பாம்புகளும் உண்டு.

இத்தனைக்கும், மலைப்பாம்புகளின் உதட்டோரக் குழிகள் இரையின் உடல் வெப்பத்தை இருளிலும் உணரவல்லவை. அந்த உணர்வுக்குக் காரணமான புரத மூலக்கூறை, பின்னர் 2021-இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 2010-இல் அடையாளம் கண்டது. தொலைவில் உள்ள எலியின் வெப்பத்தை உணரும் இவ்வுயிர், தன் வயிற்றின் கீழ் மெதுவாக ஏறும் சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதில்லை. வெயில் பட்ட பாறையைவிடச் சூடான தரையை இயற்கையில் அது சந்திப்பது அரிது. ஆகவே, பாதுகாப்புப் பொறுப்பு முழுவதும் வளர்ப்பவரையே சேரும்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் எதுவும் இல்லை

வெப்பக் கருவி எதுவாயினும் அதை வெப்பநிலைச் சீராக்கியாகிய தெர்மோஸ்டாட் வழியாகவே இணைக்க வேண்டும். கட்டுப்பாடற்ற வெப்பப் பாயின் மேற்பரப்பு 40 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். தெர்மோஸ்டாட்டில் மூன்று வகைகள் உண்டு.

- முழுவதுமாக அணைத்து ஏற்றும் எளிய வகை: வெப்பப் பாய்க்குப் போதும்.

- மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விட்டுவிட்டுத் தரும் வகை: வெப்பப் பாய்க்கும் செராமிக் உமிழிக்கும் ஏற்றது. விளக்குக்குப் பயன்படுத்தினால் ஓயாது மினுக்கும்.

- மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் மங்கலாக்கி வகை: ஹாலஜன் விளக்குக்கு இதுவே தேவை.

தெர்மோஸ்டாட்டின் உணர்முனை இருக்கும் இடமும் முக்கியம். வெப்பப் பாய்க்கு, பாம்பு படுக்கும் இடத்துக்கும் பாய்க்கும் இடையில் அது பொருத்தப்பட வேண்டும். மேலிருந்து வரும் வெப்பத்துக்கு, விளக்கின் நேர் கீழே பாம்பின் முதுகு இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். உணர்முனையைப் பாம்பு இழுத்துக் குளிர் முனைக்குக் கொண்டுசென்றால், கருவி கூண்டு குளிர்ந்திருப்பதாக எண்ணி வெப்பத்தை மேலும் கூட்டிக்கொண்டே போகும். நீர்த்தொட்டியில் அது விழுந்தாலும் இதே விளைவுதான். எனவே அதை அசையாதவாறு பிடிப்பானால் இறுக்க வேண்டும். கூண்டுக்குள் ஒட்டும் நாடா பயன்படுத்தக்கூடாது. அதில் ஒட்டிக்கொண்ட பாம்பின் தோல் கிழிந்துவிடும்.

தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், இரு முனைகளிலும் தனித்தனி டிஜிட்டல் வெப்பமானி வைத்துச் சரிபார்க்க வேண்டும். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி தரையின் சூட்டை நொடியில் காட்டும். ஆனால் கண்ணாடி வழியாக அளந்தால், கண்ணாடியின் சூட்டையே அது காட்டும். கதவைத் திறந்து அளக்க வேண்டும்.

வெளிச்சம்: பகலுக்குப் பகல், இரவுக்கு இரவு

பாம்புக்கு நாள்தோறும் ஏறத்தாழ 12 மணி நேர வெளிச்சமும் 12 மணி நேர இருளும் வேண்டும். நேரம் குறிக்கும் டைமர் கருவி ஒன்றைப் பொருத்தினால், வெளியூர் சென்றாலும் ஒழுங்கு தவறாது. கோடையில் 13 மணி நேரமும் குளிர்காலத்தில் 11 மணி நேரமும் என மாற்றுவது இயற்கைக்கு நெருக்கமானது.

இரவு வெப்பத்துக்குச் சிவப்பு அல்லது நீல விளக்குகள் விற்கப்படுகின்றன. அவை பாம்பின் கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மையன்று. பாம்பு அந்த ஒளியையும் காண்கிறது. அதன் பகல்-இரவு உணர்வு குலைகிறது. இரவில் வெப்பம் வேண்டுமெனில், வெளிச்சமற்ற செராமிக் உமிழியே சரியான வழி.

புற ஊதாக் கதிர் குறித்த கருத்து கடந்த பல ஆண்டுகளில் மாறியுள்ளது. முழு எலியை உண்ணும் பாம்புக்கு வைட்டமின் டி இரையிலிருந்தே கிடைக்கும் என்பதால் அக்கதிர் தேவையில்லை என்று முன்பு கருதப்பட்டது. அது இல்லாமலும் பாம்புகள் நெடுங்காலம் வாழ்கின்றன என்பது உண்மையே. எனினும் குறைந்த அளவில், நிழலில் கிடைப்பது போன்ற புற ஊதாக் கதிர் பயனுள்ளது என்ற கருத்து இப்போது வலுப்பெற்று வருகிறது. அப்படி அமைப்போர், குறைந்த வலிமை கொண்ட குழல்விளக்கைப் பயன்படுத்தி, பாம்பு முற்றிலும் மறைய நிழலும் தர வேண்டும். சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும் என்பதால், விளக்கைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பதால் பயனில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிரின் அளவு நாளடைவில் குறையும். எனவே ஓராண்டுக்குள் மாற்றுவது வழக்கம். நிறமி குறைந்த வெளிறிய வகைப் பாம்புகளுக்கு இக்கதிர் கண்ணையும் தோலையும் பாதிக்கக்கூடும் என்பதால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

இவற்றுக்கெல்லாம் மாற்றாகக் கண்ணாடித் தொட்டியை நேர் வெயிலில் வைப்பது பெருந்தவறு. மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் சிறைப்பட்டு, சில நிமிடங்களில் பாம்பு இறந்துவிடலாம்.

மின்சாரமும் தீயும்

இந்தியாவின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தம் கொண்டது. அதை நீர்த்தொட்டியும் ஈரமும் உலர்ந்த மரத்தூளும் உள்ள ஒரு பெட்டிக்குள் கொண்டுசெல்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது கட்டாயம்.

- கூண்டுக்குள் இருக்கும் விளக்குக்கும் உமிழிக்கும் கம்பிவலைக் கூடு அமைக்க வேண்டும். வலைக்கண் வழியாகப் பாம்பின் தலை நுழையக்கூடாது.

- வெப்பக் கருவிக்கும் மரம், துணி, திரைச்சீலை, காகிதம் ஆகியவற்றுக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும்.

- விளக்கைப் பிடிப்பானால் மட்டும் கவ்வவிடாமல், திருகாணியால் பொருத்த வேண்டும். கீழே விழும் விளக்கே பல தீவிபத்துகளின் தொடக்கம்.

- ஒரே நீட்டிப்புப் பலகையில் பல கருவிகளைச் செருகக்கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற மூன்று முனைச் செருகியையும் நில இணைப்பையும் பயன்படுத்த வேண்டும்.

- 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பி வீட்டில் இருக்க வேண்டும்.

- மின்கம்பி செருகிக்குச் செல்லும் முன் சற்றுக் கீழே தொங்கி மேலேற வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் செருகிக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

- சுத்தம் செய்யும் முன் மின்சாரத்தை அணைத்து, கருவி ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

- அறையில் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று இருப்பது நல்லது.

மின்கட்டணத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 60 வாட் செராமிக் உமிழி நாளொன்றுக்கு 12 மணி நேரம் முழு ஆற்றலில் இயங்கினாலும், 30 நாட்களுக்கு ஏறத்தாழ 22 யூனிட் மட்டுமே செலவாகும். தெர்மோஸ்டாட் இருந்தால் அது மேலும் குறையும். கூண்டின் மூன்று பக்கங்களிலும் வெளிப்புறமாகத் தெர்மாகோல் அட்டை வைத்தால், வெப்பம் தங்கிச் செலவும் சுருங்கும். ஆனால் விளக்கையோ உமிழியையோ வெப்பப் பாயையோ அவ்வட்டை தொடக்கூடாது. காற்றுத் துளைகளையும் அடைக்கக்கூடாது.

மின்சாரம் நின்றால்?

2020 மே 20 அன்று வீசிய ஆம்பன் புயலுக்குப் பின் கொல்கத்தாவின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. நார்வெஸ்டர் எனப்படும் கால்பைசாகி புயல்களும் ஏப்ரல், மே மாதங்களில் மின்தடையை உண்டாக்குகின்றன. எனவே முன்னேற்பாடு வேண்டும்.

குளிர்காலத்தில் மின்சாரம் நின்றால், கூண்டைக் கம்பளியால் போர்த்தி, காற்றுக்குச் சிறிது வழி விட வேண்டும். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் தடித்த துணியில் சுற்றி ஒரு முனையில் வைக்கலாம். மெழுகுவத்தி, கரி அடுப்பு ஆகியவற்றை அருகில் வைக்கக்கூடாது. தீயோடு நச்சுப்புகையும் சேர்ந்து வரும். வளர்ந்த, நலமான பாம்பு ஓரிரவுக் குளிரைத் தாங்கிவிடும். ஆனால் மின்சாரம் திரும்பி, கூண்டு பழைய வெப்பத்தை அடையும் வரை இரை தரக்கூடாது.

கோடையில் நிலைமை வேறு. குளிரைவிட வெப்பம் விரைவாகக் கொல்லும். அறை வெப்பநிலை 32 டிகிரியைத் தாண்டினால் எல்லா வெப்பக் கருவிகளையும் அணைத்துவிட வேண்டும். கூண்டை வீட்டின் குளிர்ந்த அறைக்கு, இயன்றால் தரைத்தளத்துக்கு மாற்றலாம். பெரிய நீர்த்தொட்டி, ஈரத்துணி விரித்த மறைவிடம், கூண்டுக்கு வெளியே துணி சுற்றிய பனிக்கட்டிப் புட்டி ஆகியவை உதவும். குளிர்சாதனக் கருவியை 27 டிகிரியில் வைப்பது போதும். அதன் காற்று நேராகக் கூண்டின் மீது வீசக்கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நகரின் காற்றே ஈரம் நிறைந்தது. அப்போது கூண்டுக்குள் நீர் தெளிப்பதைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும். இல்லையெனில் பூஞ்சையும் தோல் புண்ணும் தொடரும்.

அறிகுறிகளை அறிந்துகொள்ளுங்கள்

எப்போதும் வெப்ப முனையிலேயே ஒட்டிக்கிடக்கும் பாம்பு கூண்டு குளிர்ந்திருப்பதை உணர்த்துகிறது. எப்போதும் நீர்த்தொட்டியில் ஊறிக்கிடந்தால் வெப்பம் மிகுந்திருக்கலாம். உண்ணித் தொல்லையாகவும் இருக்கலாம். வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூக்கில் நீர்க்குமிழி, மூச்சில் சீழ்க்கை ஒலி, தலையை மேலே உயர்த்தியே வைத்திருத்தல் ஆகியவை நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். அடிவயிற்றுச் செதில்கள் சிவந்தோ பழுப்பாகியோ கொப்புளித்தோ இருந்தால் அது தீக்காயம்.

தீக்காயம் கண்டால் முதலில் மின்சாரத்தை அணைத்து, காயத்தின் மீது குளிர்ந்த நீரைச் சிறிது நேரம் விட வேண்டும். பனிக்கட்டி வைக்கக்கூடாது. மஞ்சள், எண்ணெய், பற்பசை எதையும் பூசக்கூடாது. மரத்தூளை அகற்றிச் சுத்தமான வெள்ளைத்தாள் விரித்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். காயத்தின் முழு ஆழம் சில நாட்கள் கழித்தே வெளிப்படும்; சிறிய சிவப்பு என்று காத்திருப்பது ஆபத்து. ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்ப்போர் எல்லா ஊர்களிலும் இல்லை. கொல்கத்தாவின் பெல்காச்சியாவில் மேற்கு வங்கக் கால்நடை மற்றும் மீன்வள அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளது. எங்கு வசித்தாலும், பாம்புக்கு மருத்துவம் பார்ப்பவர் அருகில் யார் என்பதை நோய் வரும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.

பாம்பு வருமுன் கூண்டு வரட்டும்

புதிதாக வளர்க்க எண்ணுவோர், பாம்பைக் கொண்டுவருவதற்கு ஒரு வாரம் முன்பே கூண்டை அமைத்து, எல்லாக் கருவிகளையும் இயக்கிப் பார்க்க வேண்டும். காலை, மதியம், நள்ளிரவு என மூன்று வேளையும் இரு முனைகளின் வெப்பநிலையைக் குறித்துவைத்தால், எந்த நேரத்தில் கூண்டு குளிர்கிறது, எப்போது கொதிக்கிறது என்பது தெளிவாகும். வானிலை மாறும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இந்தச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

பந்து மலைப்பாம்பு நல்ல பராமரிப்பில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அத்தனை குளிர்காலங்களையும் அத்தனை கோடைகளையும் அது ஒரே பெட்டிக்குள் கழிக்கப்போகிறது. அவ்வளவு காலம் பொறுப்பேற்க இயலாதவர்கள், பாம்பைக் காண உயிரியல் பூங்காவுக்குச் செல்வதே போதுமானது.